நாணய ஏலமும் நாணயமும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். வாக்குத் தவறாத நேர்மையும் நாணயம். காசுக்கு மதிப்பைத் தருவது அதிலுள்ள உலோகம் மட்டுமன்று, அதை வெளியிட்டவரின் வாக்கும் ஆகும் என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கி வைத்தனர் போலும். பழங்காசுகள் ஏலத்தில் விலைபோகும் இக்காலத்தில் அவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கக் காண்கிறோம். அதுகுறித்து மாணவர்க்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் சில கருத்துகளை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசு சொல்லும் வரலாறு

ஏடுகளும் கல்வெட்டுகளும் பேசாது விட்ட இடங்களில் காசுகள் பேசியிருக்கின்றன. சங்க கால வேந்தர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனரா என்பது நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்தது. 1980களில், 'பெருவழுதி' என்னும் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய பாண்டியர் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்டபின் அவ்வையம் அகன்றது. அவர் தொல்லியல் துறை அலுவலர் அல்லர்; தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்தவர். தம் ஆர்வத்தாலும் உழைப்பாலும் காசுகளைத் திரட்டிக் கற்றவர். தனி மனிதர் ஒருவரின் சேகரிப்பு ஓர் இனத்தின் வரலாற்றுக்கு எத்துணை உதவக்கூடும் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

நம் சமுதாய வரலாற்றுக்கும் இது பொருந்தும். பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களின் வரிசையை நாம் எங்ஙனம் அறிகிறோம்? பயணியார் இப்னு பதூதா எழுதி வைத்த குறிப்புகள் ஒருபுறம். அச்சுல்தான்கள் வெளியிட்ட சிறுகாசுகள் மறுபுறம். இவையிரண்டும் இல்லையேல் அவ்வரலாற்றின் பெரும்பகுதி இருளில் மூழ்கியிருக்கும். சிக்கந்தர் ஷாவின் காசில் காணும் ஹிஜ்ரி 779 என்னும் ஆண்டைக் கொண்டே, அவ்வாட்சி 1377-78 வரையிலேனும் நீடித்தது என்று வரலாற்றாசிரியர் உறுதி செய்கின்றனர். விரல் நுனியில் அடங்கும் ஒரு காசு, ஓர் அரசின் ஆயுளை அளந்து சொல்கிறது.

தொலைவில் உள்ளவற்றையே சொல்வானேன்? புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட காசுகளிலும், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர் வெளியிட்ட காசுகளிலும் அவ்வூர்ப் பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. மகமூதுபந்தர் என்றும் வழங்கப்பெற்ற நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டை, மரைக்காயர் மரபினர் கடல் வணிகம் நடத்திய துறைமுகம். நாணயவியலார் போர்ட்டோ நோவோ வராகன் என்று குறிக்கும் பொற்காசு அவ்வூர்ப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. அக்காசைக் காண விழையும் பரங்கிப்பேட்டை மாணவர் ஒருவர் அதனைப் பெரும்பாலும் ஏல நிறுவனம் ஒன்றின் பட்டியலிலேதான் காண வேண்டியுள்ளது.

வாயிற்படியில் நிற்போர்

முற்காலத்தில் பழங்காசு தேடுவோர் வாரச் சந்தைக்கும் பாத்திரக் கடைக்கும் நகைப் பட்டறைக்கும் அலைந்தனர். இன்று மும்பை, பெங்களூரு, அகமதாபாத் முதலிய நகரங்களிலும், இலண்டன் போன்ற அயல்நாட்டு நகரங்களிலும் இயங்கும் ஏல நிறுவனங்கள் வண்ணப் படங்களுடன் பட்டியல் வெளியிடுகின்றன. நெய்வேலியில் வீட்டுக்குள் அமர்ந்தவாறே அவற்றைப் புரட்டிப் பார்க்கிறோம். பார்ப்பதற்குத் தடையில்லை, ஏலம் கேட்கத்தான் தடை. கேட்க விரும்புவோர் முதலில் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அல்லல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தடை பெயர். படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உள்ளன. தமிழர்க்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்வதே நம் வழக்கம். நம் சமுதாயத்தில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. முகம்மது என்னும் ஒரே திருப்பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவகை ஆங்கில எழுத்திலும், ஆதார் அட்டையில் மற்றொரு வகையிலும், வங்கிக் கணக்கில் 'எம்.டி.' என்னும் சுருக்கமாகவும் நிற்கிறது. மூன்றும் ஒருவரே என்பதை நாம் அறிவோம். படிவத்தைச் சரிபார்க்கும் கணினி அறியாது.

இரண்டாம் தடை முகவரி. நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருள் பெரும்பாலோர் நிறுவனக் குடியிருப்பில் இருப்போர். பணி ஓய்வு பெற்றதும் வட்டத்திலுள்ள வீட்டை ஒப்படைத்துவிட்டு வடக்குத்துக்கோ இந்திரா நகருக்கோ சொந்த ஊருக்கோ செல்வர். முப்பது ஆண்டு வாழ்ந்த முகவரி ஒரே நாளில் பழையதாகிவிடும். அட்டையில் ஒரு முகவரியும் வங்கியில் ஒரு முகவரியும் இருப்பதை ஏதோ குற்றம்போல் நோக்கும் படிவங்களுக்கு இவ்வூரின் இயல்பு தெரியாது.

மூன்றாம் தடை பரிந்துரை. முன்னர்ப் பொருள் வாங்கிய வேறு இரு ஏல நிறுவனங்களின் பெயரைத் தருக என்று சில நிறுவனங்கள் கேட்கின்றன. புதியவர் எங்கே போவார்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்னும் பழமொழி நினைவுக்கு வருகிறது. பரிந்துரை இல்லையேல் முன்பணம் கட்டுக என்பர். அம்முன்பணம் நாம் கேட்க நினைக்கும் செப்புக்காசின் விலையைப் போலப் பன்மடங்காக இருக்கும்.

நாமும் ஒருமுறை வடபுலத்து நிறுவனம் ஒன்றில் பதிவு செய்ய முனைந்தோம். விரும்பியது மதுரை சுல்தான் காலத்துச் சிறு செப்புக்காசு ஒன்றே. அடையாள அட்டைகளின் படிகளை மும்முறை அனுப்பினோம். பெயர் ஒத்துவரவில்லை என்று ஒருமுறையும், படி தெளிவாக இல்லை என்று மறுமுறையும் விடை வந்தது. இறுதியில் பதிவு ஏற்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது ஏலம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நாம் கொடுக்க எண்ணிய தொகையினும் குறைந்த விலைக்கு அக்காசு எவரிடமோ போய்விட்டது. போனதில் வருத்தம் இருப்பினும், வாங்கியவர் அதனைப் படித்து எழுதுவாராயின் மகிழ்வோம். ஆயின் அவர் யார், அக்காசு எங்குள்ளது என்பதை இனி எவரும் அறிய வழியில்லை.

பதிவு முறை தவறா?

இவ்வளவு சொன்னதால் பதிவே வேண்டா என்று வாதிடுகிறோம் எனக் கருதலாகாது. ஏலத்தில் பெருந்தொகை கேட்டுவிட்டுப் பணம் செலுத்தாது மறைவோர் உளர். கறுப்புப் பணத்தைப் பொற்காசாக மாற்றிப் பதுக்க நினைப்போரும் உளர். இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்கு வருமானவரி நிரந்தரக் கணக்கு எண் 2016 சனவரியில் கட்டாயமாக்கப்பட்டதும் இதனாலேயே. பெருந்தொகைக்கு அவ்விதி பொருந்தும். ஐந்நூறு ரூபாய்க் காசு கேட்கும் மாணவரையும் ஐம்பது இலட்ச ரூபாய் மொகரா கேட்கும் வணிகரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் பொருந்தாது.

ஏலம் என்பது நம் மார்க்கத்திற்குப் புறம்பானதும் அன்று. உதவி நாடி வந்த அன்சாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய வரலாறு ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. ஒரு விரிப்பும் நீர் பருகும் ஒரு கோப்பையும் மட்டுமே அவரிடம் இருந்தன. அவற்றைத் தம் கையில் வாங்கிய நாயகம் (ஸல்) அவர்கள், இவற்றை வாங்குவோர் யார் என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தர முன்வந்தார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று மீண்டும் கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றுக்கொண்டார். ஒரு திர்ஹத்தில் குடும்பத்துக்கு உணவும், மற்றதில் கோடரியும் வாங்கி, விறகு வெட்டி வாழும்படி அத்தோழருக்கு வழிகாட்டப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. பொருள் எல்லார் கண்ணெதிரே இருந்தது. அஃது யாருடையது, ஏன் விற்கப்படுகிறது என்பது அவையோர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. வாங்கும் எண்ணமின்றி விலையை மட்டும் ஏற்றிவிடும் பொய்க் கேள்வியை 'நஜ்ஷ்' எனக் குறிப்பிட்டு இஸ்லாம் தடை செய்துள்ளது. ஏலம் கேட்போர் இன்னார் என்று அறிந்தாலன்றி அப்பொய்க் கேள்வியைத் தடுக்க இயலாது. ஆகவே கேட்போரை அறிவது அறமே. விற்பவரையும் விற்கும் பொருளையும் அறிவது அதனினும் முதன்மையான அறம். இன்றைய ஏலங்களில் முன்னது கடுமையாகவும் பின்னது மேம்போக்காகவும் நடைபெறுகின்றன. நம் மனக்குறையின் வேர் இதுவே.

கேட்கப்படாத கேள்வி

ஏலம் கேட்போரிடம் பெயர், பிறந்த நாள், வங்கி, வரிக்கணக்கு எல்லாம் கேட்கிறார்கள். காசிடம், நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்போர் மிகச் சிலரே. பட்டியலில் எடையும் விட்டமும் உலோகமும் தேய்மானமும் இருக்கும். எந்த ஊரில், எந்த ஆண்டில், எவர் கையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் இராது.

சட்டம் இதில் முழுதும் வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் கிடைத்த 505 பொற்காசுகள் அரசிடம் முறையாக ஒப்படைக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அவற்றை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதைத் தடுக்கிறது. உரிமமின்றி அவ்வணிகம் செய்வதையும் தடுக்கிறது. அச்சட்டப்படி சிலை, ஓவியம் முதலியவற்றை உடையோர் அவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். காசு அப்பதிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. எண்ணிறந்த காசுகளைப் பதிவு செய்வது அரிது என்பது உண்மையே. ஆயினும் ஏலத்திற்கு வரும் காசுக்கேனும் ஒரு வரலாற்றுக் குறிப்பு வேண்டாவா? காசை வாங்க வருபவர்க்குப் பதிவு உண்டு. வாங்கப்படும் காசுக்குப் பதிவு இல்லை.

மண்ணுக்கடியில் உள்ள செல்வத்துக்குக் கணக்கு வைப்பது எப்படி என்று நெய்வேலி வாழ்நர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1956இல் நிறுவனம் தோன்றிய நாள்தொட்டு, வெட்டியெடுக்கும் நிலக்கரி எந்தச் சுரங்கத்தில், எத்தனை டன் என்று எழுதி வைத்தே இவ்வூர் வாழ்ந்து வருகிறது. அதே மாவட்டத்தில் உழவன் ஏர்முனையில் ஒரு காசு அகப்படின், அது கைமாறிக் கைமாறி ஊர்பெயர் இழந்து, ஈராண்டில் ஏலப் பட்டியலில் ஓர் எண்ணாக மட்டும் நிற்கிறது. எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்னும் செய்தி ஒழிந்தபின், அக்காசு வரலாற்றுச் சான்று என்னும் தகுதியில் பாதியை இழந்துவிடுகிறது.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கி.மு. 42ஆம் ஆண்டளவில், சீசரைக் கொன்ற புரூட்டசு வெளியிட்ட அரிய பொற்காசு ஒன்றை 2020 அக்டோபரில் இலண்டனைச் சேர்ந்த ரோமா நியூமிஸ்மாட்டிக்ஸ் என்னும் நிறுவனம் ஏலம் விட்டது. 32 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோன அக்காசுக்குக் காட்டப்பட்ட பழைய உடைமை வரலாறு பொய்யானது என்று பின்னர்த் தெரியவந்தது. அந்நிறுவனத்தின் உரிமையாளர் 2023 சனவரியில் நியூயார்க்கில் கைதானார். அவ்வாண்டு மார்ச்சில் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேலத்தில் கலந்துகொண்டோர் அனைவரும் பதிவு செய்துகொண்டோரே. பொய் நுழைந்தது கேட்போர் வாயில் வழியாக அன்று, விற்போர் வாயில் வழியாக.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் நினைக்கத் தக்கது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1613இல் ஆக்ராவில் வெளியிட்ட, ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோகிராம் எடையுள்ள பெரும் பொற்காசு 1987 நவம்பரில் ஜெனீவா நகரில் ஏலத்திற்கு வந்தது. செய்தியறிந்த பின்னரே நம் அரசு விசாரணையில் இறங்கியது. ஏலத்தில் அது விலைபோகவில்லை. பொதுமக்கள் பார்வைக்கும் மீளவில்லை.

கல்லூரிகள் கைகட்டி நிற்பது ஏன்?

தனி மனிதர் படும் பாட்டினும் கல்வி நிலையம் படும் பாடு பெரிது. கல்லூரி அருங்காட்சியகத்துக்கு ஒரு காசு வாங்க வேண்டும் என்று துறை விரும்பினால், மூன்று கடைகளில் விலைப்புள்ளி பெற்று, குறைந்த விலை கோரியவரிடம் வாங்க வேண்டும் என்னும் கொள்முதல் விதி குறுக்கே நிற்கும். ஏலத்தில் விலைப்புள்ளி தருவார் யார்? உயர்ந்த விலை கேட்பவர்க்கே பொருள் சேரும் இடத்தில் குறைந்த விலை தேடும் விதி எங்ஙனம் பொருந்தும்? முன்பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது தணிக்கையாளரின் வினா. பதிவுப் படிவமோ நிறுவனத்தின் பிறந்த தேதியைக் கேட்கிறது! முடிவு, கல்லூரி விலகிக்கொள்ள, காசு செல்வந்தர் ஒருவரின் பெட்டகத்துக்குப் போய்விடுகிறது. அதனைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியரும் கற்க வேண்டிய மாணவரும் பட்டியலிலுள்ள படத்தோடு மனநிறைவு கொள்கின்றனர்.

நாம் வேண்டுவன

குறை கூறுவதோடு நில்லாமல் சில வழிகளையும் முன்வைக்கிறோம்.

முதலாவதாக, ஏல நிறுவனங்கள் தம்முள் கூடிப் பொதுப் பதிவு ஒன்றை ஏற்படுத்தலாம். ஓரிடத்தில் சரிபார்க்கப்பட்டவரை மற்றோரிடத்தில் மீண்டும் அலைக்கழிக்க வேண்டியதில்லை. அடையாள அட்டைகளின் படிகள் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கும் இடரும் குறையும்.

இரண்டாவதாக, சிறு தொகைக்கு எளிய பதிவு வேண்டும். கல்லூரி முதல்வரின் சான்றோ நாணயவியல் கழகம் ஒன்றின் உறுப்பினர் அட்டையோ பரிந்துரையாக ஏற்கப்படல் வேண்டும்.

மூன்றாவதாக, பதிவை மறுத்தால் காரணத்தை எழுத்தில், ஏலத்திற்கு முன்னரே தெரிவித்தல் வேண்டும். முதலெழுத்துப் பெயர் தமிழ்நாட்டு மரபு என்பதைப் படிவங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, ஏலத்திற்கு வரும் ஒவ்வொரு பழங்காசுக்கும் அஃது வந்த வழியைத் தெரிந்தவரையில் பட்டியலில் அச்சிட வேண்டும். தெரியாதாயின் தெரியாது என்றே எழுத வேண்டும். தமிழ்நாட்டுக் காசுகளின் படமும் எடையும் அடங்கிய குறிப்பு ஒரு படி, 1851இல் தோன்றிய சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர வழி செய்ய வேண்டும். காசு எவர் கைக்குச் சென்றாலும் அதன் செய்தி பொதுவில் நிலைக்கும்.

ஐந்தாவதாக, கல்வி நிலையங்கள் ஏலத்தில் வாங்குவதற்குத் தனிக் கொள்முதல் விதி வகுக்கப்பட வேண்டும்.

நம் கடமை

நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியவை இவை. நாம் செய்ய வேண்டியவையும் உள. சமுதாயப் பெரியோர் தம் இல்லங்களில் உள்ள பழம்பெட்டிகளைத் திறந்து பார்ப்பாராக. பாட்டனார் பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் கொண்டுவந்த காசுகளும், பாட்டியார் மாலையில் கோத்திருந்த காசுகளும் இன்னும் சில வீடுகளில் உள்ளன. அவற்றை உருக்கு விலைக்குக் கொடுத்துவிடாது, இன்ன ஊரில், இன்னார் வழியில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அத்தாளுடன் கல்லூரிக்கு வக்ஃபாக வழங்கலாம். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் நிலம் எழுதி வைத்த மரபினர்க்கு இது புதிதன்று. அத்தாள் காசினும் விலைமதிப்புடையது என்பதையும் நினைவிற் கொள்க.

மாணவர்கள் அரபு, பாரசீக எழுத்துகளையும் தமிழ் பிராமியையும் படிக்கக் கற்க வேண்டும். மதுரை சுல்தானின் காசை வாங்குவதற்குப் பணம் உடையோர் பலர் இருக்கலாம்; வாசிப்பதற்கு ஆள் குறைவு. ஏல நிறுவனத்தின் வாயில் மூடியிருப்பினும், பட்டியலில் வரும் படங்களைத் தொகுத்து, எழுத்தைப் படித்து, ஆண்டைக் கணித்துக் கட்டுரை வரைவதற்கு எவரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை. தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் அரபுத்துறையும் ஒரு மேசையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்கலாம்.

கேட்போரை ஆராயும் அதே கண்கொண்டு காசையும் விற்பவரையும் ஆராயும் நாளில்தான் நாணய ஏலத்தில் நாணயம் நிலைபெறும். அதுவரை இக்கோரிக்கையை அறிவுலகின் செவிகளில் ஓதிக்கொண்டே இருப்போம். நம் வரலாற்றைச் சுமந்து வந்த சிறுகாசுகள் நம் மாணவர் கைகளுக்கும் ஒருநாள் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.